அது அதே காசுதான்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இருக்கிறோம். போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ வைத்துவிடுகிறாய், நீ வாயைத் திறந்தால் நான் அழுதுவிடுகிறேன். அதனால் எழுதிவிடுவதே மேல் என்று உட்கார்ந்துவிட்டேன். பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரை படி.

முதலில் நீ கேட்ட விஷயம். அப்பாவின் தங்கக் காசு மாறவில்லை. அது அதே காசுதான். உன் அத்தான் அதை மாற்றவும் இல்லை, விற்கவும் இல்லை, உருக்கவும் இல்லை. பழைய நாணயம் பார்த்துச் சொல்கிற ஒரு அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டி எழுதி வாங்கியிருக்கிறோம். நகல் இதோடு வருகிறது. மேலே நீ படிக்க வேண்டியதில்லை என்று தோன்றலாம். படி.

உனக்கு மறந்திருக்காது, இருந்தாலும் நினைவுபடுத்துகிறேன். காசு என்ன எடை இருக்கிறது, அத்தான் வேலை பார்க்கும் நகைக்கடையில் போட்டுப் பார்க்கச் சொல் என்று கேட்டது நீதான். அவராகக் கேட்கவில்லை. அம்மாவின் பீரோவிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கைக்குட்டையில் முடிந்து எடுத்துப் போனார், சாயங்காலம் அப்படியே கொண்டு வந்தார், வீடியோவில் உனக்குக் காட்டினோம். நல்லா இருக்கு அக்கா என்று மட்டும் சொன்னாய். அப்புறம் அப்பா இறந்தபோது நீ காசை எடுத்து வைத்திருந்த படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அன்றைக்கு மங்கலாக, லேசாகச் சிவப்போடிக் கிடந்த காசு இன்றைக்கு எப்படிப் பளபளவென்று மஞ்சளாக மின்னுகிறது என்று நேராகக் கடை முதலாளிக்கு எழுதிவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கூடப் பிறந்தவள்தானே நான்.

நகைக்கடையில் நிற்கிற ஒரு மனுஷனைப் பற்றி முதலாளிக்கு அப்படி ஒரு கடிதம் போனால் என்ன ஆகும் என்று நீ யோசித்திருக்க மாட்டாய். யோசித்திருந்தால் எழுதியிருக்க மாட்டாய் என்று நம்பத்தான் ஆசை. கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் அவர் பையைக் கவிழ்த்துக் கொட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டு டப்பாவைக்கூட விடவில்லை. அதே காசு என்று நிரூபித்துக்கொண்டு வா, அதுவரை கடைப்பக்கம் வராதே என்று முதலாளி சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தவர் காசை மேஜைமேல் வைத்து, நீயே பார்த்துக்கோ என்றார். நான் பார்க்காமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்படி நான் பார்த்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு எங்கள் இருவருக்கும் பேச்சு குறைந்துபோயிற்று. உன்னால் வந்தது என்று எல்லாவற்றையும் உன் தலையில் கட்டவும் எனக்கு மனசு வரவில்லை.

நாணயம் பார்க்கிற அம்மாவின் அறை ஒரு பேப்பர்க் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. அன்றைக்கு அவருக்கு நல்ல ஜலதோஷம், கோபமும் மூக்குக்கு மேலே இருந்தது. நான் இரண்டு விரலால் காசின் முகப்பில் பிடித்துக் கொடுத்ததற்கே ஒரு திட்டு வாங்கினேன். ஓரத்தைப் பிடிக்க வேண்டுமாம். கறுப்புத் துணியில் வைத்து, எடை போட்டு, குறுக்களவு எடுத்து, உன்னுடைய பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். தலை உருவத்தின் மோவாய்க்கு நேராக ஓரத்தில் ஒரு நசுங்கல், அது இரண்டிலும் இருக்கிறது. ஓர் எழுத்திலிருந்து விளிம்பு வரைக்கும் தலைமுடி அளவில் ஒரு மேடு ஓடுகிறது. காசு அடித்த அச்சில் விரிசல் விட்டிருந்தால் அப்படி விழுமாம், யாரும் பின்னால் சேர்க்க முடியாதாம். அதுவும் இரண்டிலும் இருக்கிறது. இது அதுதான், சந்தேகமே வேண்டாம் என்றார். கூட வந்திருந்த உன் அத்தான், அதை எழுதிக் குடுங்கம்மா என்றார்.

அப்படியானால் நிறம் ஏன் மாறிற்று என்று கேட்டேன். தேய்த்திருக்கிறார்கள் என்றார். விளக்கடியில் காசைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார். கை வைக்காத பழைய காசு என்றால் சாய்க்கச் சாய்க்க ஒளி சக்கரம் மாதிரி சுற்றி ஓடுமாம். வேறொரு காசில் ஓடவிட்டும் காட்டினார். நம்முடையதில் ஒளி ஓடவில்லை, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மின்னிக்கொண்டு நின்றது. மேலே படிந்திருந்த பழைய நிறம் தேய்ந்து போய், இடுக்குகளில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லென்ஸில் என்னையும் பார்க்கச் சொன்னார். மெல்லிய கீறல்கள், வட்டம் வட்டமாக, ஒன்றின் மேல் ஒன்று. மிஷினில் மெருகு போட்டிருந்தால் எழுத்துகளின் முனை மழுங்கி, காசின் முகப்பு கண்ணாடி போல் ஆகியிருக்கும், இது நகைக்கடை வேலையே இல்லை என்றார். துணியும் கட்டைவிரலுமாக யாரோ வீட்டில் வைத்துத் தேய்த்தது, அதுவும் ஒரு நாளில் செய்ததில்லை, வருஷக்கணக்கில் விட்டு விட்டுச் செய்தது என்றார். எழுத்துகளின் மூலையில் அடைந்திருந்த வெள்ளைப் பொடியைக் குச்சியால் ஒரு துளி எடுத்து மோந்து பார்க்கப் போனார். மூக்கு அடைத்திருந்ததால் என்னிடம் நீட்டினார். பல்பொடி வாசனை.

இனிமேல் சேகரிக்கிறவர்கள் இதைச் சீந்த மாட்டார்கள், தங்கத்துக்கு என்ன விலையோ அதுதான் இதற்கும் என்று அந்த அம்மா வருத்தப்பட்டார். இதைச் செய்தவருக்கு இந்தக் காசின்மேல் அப்படி என்ன கோபம் என்றும் கேட்டார். உன் அத்தான் மெதுவாக, எங்க தொழில்ல பளபளன்னு இல்லாட்டிதாங்க கோவப்படுவாங்க என்றார். அத்தனை நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கை அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் பல்பொடியால் பல் தேய்க்கிறவர் ஒருத்தர்தான் என்பது அப்போதே எனக்கு உறைத்துவிட்டது.

இந்த ரகளை எதுவும் நம் அம்மாவுக்குத் தெரியாது. இதயம் பலவீனமாக இருக்கிறது, அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொன்னதால், மாப்பிள்ளை லீவில் இருக்கிறார் என்று சொல்லி மூடி மறைத்துவிட்டோம். ஊரில் உள்ள எல்லோரையும் கேட்டோம், பக்கத்து அறையில் படுத்திருந்தவளைக் கேட்கவில்லை. அவளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் செய்த கூத்து இது. வீட்டுக்கு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, காசைத் தேய்ச்சியாம்மா என்றேன்.

அவள் ஒளிக்கவே இல்லை. ஆமாம், தம்பி வர்றேன்னு சொல்றப்பல்லாம் தேய்ப்பேன் என்றாள். அந்தக் காசை அவள் கையாலேயே உன் கையில் கொடுக்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டுப் போனாராம். அவ்வளவு தூரத்திலேர்ந்து வர்றவன் கையில அழுக்குக் காசையா குடுக்கிறது என்று என்னையே திருப்பிக் கேட்டாள். தலையணை உறைக்குள்ளிருந்து அப்பாவின் பழைய பனியன் துண்டை எடுத்துக் காட்டினாள். அது கல் மாதிரி விறைத்துப் போயிருந்தது.

பெரியவளுக்குப் பரீட்சை முடியட்டும், வருகிறேன் என்றாய். வீடு மாறியதும் வருகிறேன் என்றாய். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றபோது டிக்கெட்டே எடுத்துவிட்டதாகச் சொன்னாய். கண்ணில் கட்டோடு, தடவிப் பார்த்துத் தேய்த்திருக்கிறாள் தம்பி. அந்தக் கீறல்களை நான் லென்ஸில் பார்த்தேன். எது எந்த வருஷத்தது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உனக்கும் அங்கே ஆயிரம் தொல்லை இருக்கும், இல்லை என்று நான் சொல்லவில்லை.

அத்தானைக் கடையில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். கவுண்டரில் இல்லை. பின்னால் பார்சல் கட்டுகிற இடத்தில். பழைய வாடிக்கையாளர்கள் விசாரித்தால் உடம்பு சரியில்லை என்று சொல்கிறார்களாம். நீ முதலாளிக்கு இன்னொரு கடிதம் எழுது. அத்தானுக்கும் எழுது. அவர் பதில் போடாவிட்டாலும் எழுது. உன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அம்மாவுக்கு இப்போது கஞ்சித் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்குவதில்லை. கால் வீங்கியிருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, சாய்ந்தே தூங்குகிறாள். டாக்டர் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். அவர் சொன்னதை இங்கே எழுதக் கை வரவில்லை. உனக்குப் புரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அவளிடம் சீக்கிரம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாய். அன்று முதல் காசைக் கொடு, காசைக் கொடு என்று ஒரே பாட்டு. நாணயம் பார்த்த அம்மா அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி, இனி யாரும் தொடக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார். கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு இப்போது விரலை அழுத்தத் தெம்பில்லை. கடையிலிருந்து வந்ததும் உன் அத்தான் கட்டிலருகே உட்கார்ந்து காசை ஓரத்தில் பிடித்துக்கொள்கிறார். அவள் துணியை அதன் மேல் வைத்து நகர்த்துகிறாள். மின்னுதா என்று கேட்கிறாள். மின்னுது அத்தை என்கிறார்.

தம்பி, நீயும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அதைத்தான் அம்மாவும் நாள் முழுக்க வேண்டிக்கொள்கிறாள். வர முடிந்தால் யாரிடமும் சொல்லாமல் வந்து கதவைத் தட்டு. முடியாதென்றால் உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் இனிமேல் அவளிடம் வருகிறேன் என்று மட்டும் சொல்லாதே.

உன் அக்கா