படம் வந்தால் குரல் கொடு

ஐப்பசி 9, புதன்.

மாசாமாசம் கேபிளுக்கு அழ வேண்டாமென்று சந்தா கட்டத் தேவையில்லாத டிஷ் வாங்கி, மொட்டை மாடியில் நானே பொருத்தினேன். படம் வந்தால் குரல் கொடு என்று, படுக்கையில் கிடக்கும் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். எவ்வளவு திருப்பியும் கீழேயிருந்து சத்தமே இல்லை. இறங்கி வந்தேன்.

“மூணு வாட்டி படம் வந்துச்சு. மூணு வாட்டியும் நீங்களே திருப்பி வுட்டுட்டீங்க. நான் கத்திக்கினேதான இருந்தேன், காதுல இன்னா பஞ்சா?”

“காது அடைச்சுப்போச்சும்மா” என்றேன்.

வேலை பார்த்த பட்டுக்கடை வாசலில் நின்று இவள் கூப்பிட்டால் எதிர்க்கடைக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வருவார்கள். குரல் இறங்கும் என்று டாக்டர் சொன்னார், இவ்வளவு சீக்கிரமா?

ராத்திரி மூச்சு முட்டிக் கூப்பிட்டால் முன்னறையில் படுக்கும் எனக்கு எப்படிக் கேட்கும்? பாயை அவள் கட்டிலடியில் போட்டுவிட்டேன். ஏனென்று கேட்டால், முன்னறையில் கொசு என்று சொல்ல வேண்டும்.