சாக்கில் கட்டி வைத்த கம்ப்யூட்டர்

போடிநாயக்கனூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஈஸ்வருக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். நீ உதிரிபாகம் வாங்கிக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரும் இப்போது சுகம். கால்கரியில் நீயும் சளி, இருமல் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவதற்கு நீ எந்த ஆதாரமும் அனுப்புவதில்லை. வாட்ஸ்அப்பில் எதை எழுதினாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். இவ்வளவு நீளக் கடிதத்துக்கு வெறும் கட்டைவிரலைக் காட்ட உனக்கே கூச்சமாக இருக்கும் என்றுதான் உட்கார்ந்து இதைத் தட்டச்சு செய்கிறேன். கடைசிவரை படி. உன்னைப் பற்றிய பேச்சு இதில் நிறைய இடத்தில் வருகிறது.

வீட்டிலிருந்தே இயற்பியல் பாடம் நடத்தும் வேலைக்கு நான் விண்ணப்பித்ததைப் போன மாதம் உன்னிடம் சொன்னேன். "சூப்பர்மா" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் உங்கள் ஊர்ப் பனியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். உன் அப்பா அந்த 'சூப்பர்' கூடச் சொல்லவில்லை. "இந்த வயசுல ஒனக்கு எதுக்கு இந்தச் சோலி, ஏலக்கா பில்லைப் போட்டுக்கிட்டு நிம்மதியா இரு" என்றார். நானும் கல்யாணமான நாளிலிருந்து பில்லைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத்தான் இருக்கிறேன். போன வியாழக்கிழமை நேர்காணல். கேமரா முன்னால் உட்கார்ந்து, திரையில் படங்களைக் காட்டி, ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். பொட்டிபுரத்து மலையைக் குடைந்து ஆய்வுக்கூடம் கட்டப்போகும் பேச்சு கிளம்பிய காலத்திலிருந்து நம் ஊரில் நியூட்ரினோவைப் பற்றிக் கருத்துச் சொல்லாத டீக்கடை கிடையாது, அது என்னவென்று தெரிந்த டீக்கடையும் கிடையாது. அதையே பாடமாக எடுத்துக்கொண்டேன். நான் வரைந்த படங்கள் முழுவதும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தன. வேறு எங்கும் நகல் இல்லை. இது ராக்கெட்டு மாதிரி, ஒன்றும் ஆகாது என்று நீதான் சத்தியம் செய்துவிட்டுப் போயிருந்தாயே.

சிலமலையில் உன் சித்தி வீட்டு விசேஷத்துக்கு இரண்டு நாள் போய்விட்டுச் செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தால், என் மேஜை மேல் ஒரு ஏலக்காய் மூட்டை உட்கார்ந்திருக்கிறது. வாயைச் சணல் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறது. கட்டுக்கு இடையிலிருந்து வால் போல வயர்கள் தொங்குகின்றன. என்ன இது என்று கேட்டேன். "கீழ காய் தொடைக்கிற மெஷின் தூசி மேல வருதுல்ல, அதான் நம்ம சரக்கு மாதிரி பத்திரமாக் கட்டி வச்சேன்" என்றார் உன் அப்பா பெருமையாக. உள்ளே கறுப்புப் பாலித்தீன், வெளியே சணல் சாக்கு, சரக்குக்குச் செய்வது போலவே ஒரு குறையும் இல்லாத கட்டு. நான் கிளம்பிய அன்று ஏல விலையைப் பார்த்து முடித்து அணைத்த கையோடு, சூடு ஆறுவதற்குள் கட்டியிருக்கிறார். உலர் அறையிலிருந்து வந்த காயை ஆறவிடாமல் மூட்டை கட்டினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும் என்று நம்மிடம் வேலை செய்கிற பிச்சைமணியைப் பருவம் முழுவதும் திட்டுகிறவர் இவர்தான். இரண்டு நாளும் இங்கே விடாத சாரல். அவிழ்த்துப் பார்த்தபோது பாலித்தீனின் உட்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. துடைத்து, மின்விசிறியடியில் காயவைத்து, பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் அமாவாசை. பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், உள்ளே பச்சைப் பலகையின் ஓரத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.

அப்போதுதான் உன் அப்பா உன்னைக் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார், அது உனக்குத் தெரியாது. மஞ்சள் விளக்கு எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எரிகிறது என்று அவரைக் கேட்டாய். அவர் கண்ணாடியைத் தேடப் போனார். நான் பார்த்துச் சொல்கிறேன் என்று வாயைத் திறப்பதற்குள், "அம்மாகிட்டக் குடுக்காதீங்கப்பா, கொழப்பிருவாங்க. கடைக்கார ஜானை வரச் சொல்லுங்க" என்றாய். எனக்கு நன்றாகக் கேட்டது. பத்தாம் வகுப்பில் நீ ஓம் விதி புரியாமல் அழுதபோது டார்ச் விளக்கைப் பிரித்துப் போட்டுச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்கலாமா என்று நினைத்தேன். உனக்கு வேலை நேரம், விட்டுவிட்டேன்.

ஜான் வந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறவன், பார்த்திருப்பாய். மூடியைக் கழற்றியதும் மூக்கை உறிஞ்சி, "என்னண்ணே, பாயாசம் கீயாசம் ஊத்திட்டீகளா" என்று உன் அப்பாவைக் கேட்டான். அந்த ஏலக்காய் வாசனையை மட்டும்தான் அவன் சரியாகப் பிடித்தான். ஊதினான், தட்டினான், காசு மாதிரி இருந்த பேட்டரியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டான், வயர்களை எல்லாம் அசைத்தான். பிறகு முகத்தைத் துக்க வீட்டுக்கு வந்தவன் போல வைத்துக்கொண்டு, "மதர்போர்டு போயிருச்சுக்கா. மதுரைக்குக் கொண்டு போயிருவோம், அடுத்த வாரம் வெரசா வந்துரும்" என்றான். எனக்கு வியாழக்கிழமை வேண்டும் என்றேன். "இன்டர்வியூவைத் தள்ளிப் போடச் சொல்லுங்களேன்க்கா" என்றான், என்னவோ அது அவன் கடையில் எப்போது வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும் ஸ்கிரீன் கார்டு மாதிரி. உன் அப்பாவும் "அதானே, போன்ல பேசிக்கிறலாம்ல" என்று சேர்ந்துகொண்டார். படங்களைப் போனில் எப்படிக் காட்டுவது என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

புதன்கிழமை உன் அப்பா ஏல மையத்துக்குப் போன பிறகு நானே உட்கார்ந்தேன். நீ அலமாரியில் பிரிக்காமல் விட்டுப் போன கையேட்டில் அந்த விளக்கு நினைவகத்துக்கு, அதாவது ரேமுக்கு, உரியது என்று போட்டிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, உடம்பில் மின்னேற்றம் இருந்தால் போகட்டும் என்று ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு, இரண்டு நினைவகப் பட்டைகளையும் கழற்றினேன். பொன்னிறப் பற்கள் மேல் மங்கலாக ஒரு படலம். பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, தூள் தட்டி, ஒன்றை மட்டும் இடம் பார்த்து அழுத்தினேன். மஞ்சள் விளக்கு எரிந்து, அணைந்து, திரையில் எழுத்து வந்தது. அடுத்ததைப் போட்டேன், அதுவும் ஏற்றுக்கொண்டது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், தேதி தெரியவில்லை, துவக்க வட்டும் கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு புகார். தேதி போனது ஜான் பேட்டரியைக் கழற்றியதால். அதைத் திருத்தினேன். வட்டு கிடைக்கவில்லை என்பதைத்தான் முதலில் நம்ப முடியவில்லை, எல்லாம் சேமித்து வைத்திருந்தது அதில்தான். என் படங்கள் போய்விட்டன என்றே முடிவு கட்டிவிட்டேன். பிறகு பார்த்தால் அதற்குப் போகும் வயர் பாதி கழன்று தொங்குகிறது, அவன் அசைத்த அசைப்பில். அழுத்திச் செருகினேன். நியூட்ரினோ வந்துவிட்டது. உங்கள் மூன்று பேருடைய நிபுணத்துவத்துக்கும் என்னிடம் இருந்த மருந்து ஒரு அழிப்பான்தான்.

வியாழக்கிழமை வகுப்பு நன்றாகவே போனது. கடைசியில் ஒருவர், மலையடிவார ஊராயிற்றே, கம்ப்யூட்டர் பழுதானால் என்ன செய்வீர்கள், வீட்டில் பையன்கள் யாராவது உண்டா என்று கேட்டார். பையன் ஒருவன் உண்டு, பழுதை நானே பார்த்துக்கொள்வேன் என்றேன். நேற்று பதில் வந்துவிட்டது. ஜூன் மாதத்திலிருந்து வகுப்பு. உன் அப்பா ஏல மையம் முழுக்க "எங்க வீட்டம்மா புரபசரு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாராம். காய் துடைக்கிற இயந்திரத்தையும் தானாகவே பின்கட்டுக்கு மாற்றிவிட்டார். கேட்டால் அங்கேதான் வெளிச்சம் நல்லா இருக்கு என்கிறார். ஏல விலை பார்க்க வேண்டுமென்றால் இப்போது கதவைத் தட்டிவிட்டு வருகிறார். விசிறி சுற்றினால் இன்னும் ஏலக்காய் வாசனை வருகிறது, அது மட்டும் போகவில்லை.

குளிர் குறையவில்லை என்றால் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஊறுகாயை வைத்தே சோற்றை முடிக்காதே. உடம்பு நன்றாக இருந்து, நினைத்த காரியமெல்லாம் கைகூட உனக்கு என் ஆசி என்றும் உண்டு. ஒரு விஷயம் மறக்காதே, கம்ப்யூட்டரின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். பழையது உன் பெயராக இருந்தது. விடுமுறையில் வரும்போது அதில் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் என்னைக் கேள், அப்பாவிடம் கேட்காதே. குழப்பிவிடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா
சி. அமுதவள்ளி, எம்.எஸ்சி., எம்.ஃபில்.