மருந்துக்கடைக்காரம்மா மகள் எழுந்து நின்றால்

ஜூன் 11, செவ்வாய்

போர்வைக்குள் டார்ச் விளக்கோடு எழுதுகிறேன். அம்மா பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறாள். அவள் இருமினால் விளக்கை அணைத்துவிட வேண்டும்.

இந்த நோட்டில் யார் பெயரும் இருக்காது. கடையில் கேட்டது கடையைத் தாண்டக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். எழுதினால் தாண்டியதாகுமா? தெரியவில்லை. ஆனால் எங்கேயாவது கொட்டாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

எங்கள் மருந்துக்கடையை விட்டால் அடுத்த கடைக்கு மலையிறங்கி ஆறு தாண்டிப் போகவேண்டும். அதனால் இந்தச் சுற்றுவட்டாரத்து வலியெல்லாம் எங்கள் மேசைக்குத்தான் வரும். சிலர் வாசலிலிருந்தே கத்திக் கேட்பார்கள். சிலர் மேசைமேல் குனிந்து குரலைத் தாழ்த்துவார்கள். யாராவது குனிந்தால் போதும், அம்மா கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுவாள். பின்னால் நிற்பவர்களுக்குப் பாட்டு மட்டும்தான் கேட்கும். மீசை மாமா வந்தால் தெருமுனை வரைக்கும் பாட்டு கேட்கும். அவர் முட்டிவலி ஊருக்கே தெரியும், ஆனால் குனிந்து கேட்பது எதற்கென்று எனக்கே தெரியாது.

இன்று தையல்கார அக்கா குனிந்தாள். ரேடியோ அலறியது. ஆனால் நான் மேசைக்கு அடியில் டானிக் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ரேடியோ மேலே, நான் கீழே. ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"அவர்கிட்டகூடவா சொல்லலை?"

"மூணு மாசம் தாண்டட்டும்க்கா. போன தடவை தொட்டிலே செஞ்சு வெச்சுட்டார். அப்புறம் அந்தத் தொட்டிலை எங்க வைக்கிறதுன்னு தெரியாம ரெண்டு பேரும் நின்னோம் பாருங்க…"

'அவர்' என்றால் அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் பஸ் டிரைவர் மாமா. அம்மா எடுத்தது அலமாரியின் மூன்றாவது தட்டு மாத்திரை. அந்தத் தட்டைத் துடைப்பது நான்தான், அது யாருக்கு என்று எனக்குத் தெரியாதா?

அக்காவுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது! சந்தோஷத்தில் ஒரு பாட்டிலை உருட்டிவிட்டேன். நல்லவேளை, உடையவில்லை.

ஜூன் 12, புதன்

செத்தேன்.

ஜூன் 13, வியாழன்

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை.

காலையில் ஒரே பஸ். உட்கார இடம் கிடைப்பதே பெரிய விஷயம். நான் முண்டியடித்து ஜன்னல் ஓரத்தைப் பிடித்தால் யார் வந்தாலும் அசையமாட்டேன், ஊருக்கே தெரியும். நேற்று தையல்கார அக்கா ஏறினாள். எனக்கு எப்படி ஆயிற்று என்றே தெரியவில்லை. எழுந்து நின்று, "உக்காருங்கக்கா" என்றேன்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

மருந்துக்கடைக்காரம்மா மகள், வாட்டசாட்டமான ஒரு பெண்ணுக்கு எழுந்து இடம் கொடுக்கிறாள். என்ன அர்த்தம்? எல்லார் தலைக்குள்ளும் கணக்கு ஓடியது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார். பின் சீட்டிலிருந்து ஒரு குரல், "என்னம்மா, விசேஷமா?"

அக்கா முகம் வெளுத்துப்போனது. நிமிர்ந்து பார்த்தால், டிரைவர் சீட்டுக்கு மேலிருக்கும் கண்ணாடியில் மாமாவின் கண்கள். பஸ் நின்றுவிட்டது. அங்கே நிறுத்தமே கிடையாது, வெறும் புளியமரம்தான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கிளம்பியது பாருங்கள் – ஒவ்வொரு பள்ளத்திலும் பூனை மாதிரி இறங்கி, பூனை மாதிரி ஏறி. நாங்கள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது முதல் பாடமே முடிந்திருந்தது.

இறங்கும்போது அக்கா என் காதருகில், "உன்னை யாருடி எந்திரிக்கச் சொன்னா?"

அவ்வளவுதான் சொன்னாள். அடித்திருக்கலாம்.

ஜூன் 14, வெள்ளி

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும்?

"நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லலைம்மா!"

"வாய் சொல்லலை. கால் சொல்லிடுச்சு."

அழவேண்டாம் என்று நினைத்தும் அழுதேன். அம்மா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "என்னை நம்பித்தான்டி குனியறாங்க. நாளைக்கு ஒருத்தரும் குனியலைன்னா, அவங்க வியாதியை எப்படி நான் தெரிஞ்சுக்கிறது? நீ இனிமே கடைப்பக்கம் வராதே" என்றாள்.

அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நான்தானே காரணம்? இல்லை, நான் எழுந்து நின்றதால் யாருக்கும் எதுவும் ஆகாது, அறிவியல் புத்தகத்தில் அப்படியெல்லாம் இல்லை. இருந்தாலும் – எதுவும் ஆகக்கூடாது, எதுவும் ஆகக்கூடாது.

ஜூன் 19, புதன்

ஒருவரும் குனிவதில்லை. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். வந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து நின்று தலைவலித் தைலம் கேட்கிறார்கள். ஊரில் இத்தனை தலைவலியா? அம்மா ரேடியோவைத் தொடவே இல்லை.

மீசை மாமாவுக்கான காக்கி உறை கட்டி வைத்தபடியே அலமாரியில் இருக்கிறது. அவர் ஆற்றைத் தாண்டிப் போய் மாத்திரை வாங்கினாராம், அந்த முட்டிவலியோடு. கண்டக்டர் சொன்னார். அம்மா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

ஜூன் 20, வியாழன்

ஒரு யோசனை. பைத்தியக்கார யோசனைதான். நாளைக்குச் செய்து பார்க்கிறேன்.

ஜூன் 21, வெள்ளி

ஏறின எல்லோருக்கும் எழுந்தேன்!

முதலில் தபால்கார மாமா. "உக்காருங்க மாமா" என்றேன். அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கியதும் உட்கார்ந்தேன். ஆட்டுத் தரகர் ஏறினார். எழுந்தேன். கணக்கு வாத்தியார் ஏறினார். எழுந்தேன். மாலையில் திரும்பும்போதும் அப்படியே. நான் எழுந்தால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை என்று ஆகவேண்டும். அதுதான் திட்டம்.

மாலை பஸ்ஸில் தபால்கார மாமா மறுபடி ஏற, நான் மறுபடி எழ, கண்டக்டர் கேட்டார்: "என்ன தபாலு, உமக்கும் நாள் தள்ளிப்போச்சா?"

தபால்கார மாமா வயிற்றைத் தடவிக்கொண்டு, "இது இருபது வருஷமா உள்ளேயே இருக்குய்யா, வெளிய வரமாட்டேங்குது" என்றார்.

பஸ் குலுங்கியது. பள்ளத்தால் இல்லை, சிரிப்பால். எல்லாரும் சிரித்தார்கள். நான் பயந்து பயந்து திரும்பிப் பார்த்தேன். கடைசி சீட்டில் தையல்கார அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது.

அழுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை!

ஜூலை 3, புதன்

இன்றும் எல்லோருக்கும் எழுந்தேன். ஏழு நாளாகக் கால் வலிக்கிறது. தைலம் வாங்கலாம் என்றால் கடைப்பக்கம் போகக்கூடாது.

ஜூலை 23, செவ்வாய்

அக்கா கடைக்கு வந்தாள். நான் ஜன்னலுக்குக் கீழே ஒளிந்துகொண்டேன். கடை நிறையக் கூட்டம். அக்கா மேசைக்கு வந்ததும் அம்மாவின் கை தானாக ரேடியோவுக்குப் போனது. பாட்டு எழும்பியது.

"அதைக் குறைங்கக்கா," என்றாள் தையல்கார அக்கா. "கேக்கட்டும். மூணு மாசம் தாண்டியாச்சு. நர்சம்மா துடிப்பு கேட்டுட்டாங்க."

அம்மா ரேடியோவை அணைத்தேவிட்டாள். கடைக்குள் ஒரே சத்தம், வாழ்த்து, கிண்டல். அக்கா சொல்லிக்கொண்டே போனாள்: "அந்த மனுஷன் கண்ணாடியில பாத்துட்டு வீட்டுக்கு வந்து ஒண்ணும் கேக்கலைக்கா. பரண் மேலேர்ந்து தொட்டிலை இறக்கித் துடைச்சாரு. 'ஏன் தனியா பயந்துகிட்டு இருந்தே, சேர்ந்து பயந்திருப்போமே'ன்னாரு. இத்தனை நாள் ரெண்டு பேரும் சேர்ந்துதான் பயந்தோம். அது எவ்வளவோ பரவாயில்லை."

பிறகு, "உங்க பொண்ணு எங்க? பஸ்ஸுல தபாலுக்கெல்லாம் எந்திரிச்சு நிக்குதே, அந்தக் கழுதை."

ஜன்னலுக்குக் கீழிருந்து எழுந்தேன். எழுவதுதான் எனக்கு நன்றாக வருமே.

அக்கா என் காதைத் திருகினாள். வலித்தது. ரொம்ப நாளாக எதிர்பார்த்த வலி.

ஜூலை 24, புதன்

அம்மா என்னைக் கடைக்குள் சேர்த்துக்கொண்டாள். வெளி அலமாரி துடைக்கும் வேலை மட்டும். மேசை இன்னும் இல்லை. போதும், போதும், போதும்.

அக்டோபர் 9, புதன்

அக்காவின் வயிறு இப்போது அவளுக்கு முன்னால் பஸ்ஸில் ஏறுகிறது. இன்று நான் எழுவதற்குள் பஸ்ஸே எழுந்துவிட்டது. எந்த இடத்தில் உட்காருவதென்று அவளுக்கே குழப்பம். டிரைவர் மாமா திரும்பி, "எல்லாரும் உக்காருங்கய்யா, பாரம் ஒரு பக்கம் சாயுது" என்றார்.

ஒரே ஒரு ஆள் எழவில்லை, தபால்கார மாமா. "நானும் வயித்துப்பிள்ளைக்காரன்" என்றார்.

ஜனவரி 18, சனி

பெண் குழந்தை! நல்ல கனமாம், நல்ல தொண்டையாம். டிரைவர் மாமா புளியமரத்தடியில் பஸ்ஸை நிறுத்தி, ஆரனை விடாமல் அடித்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இன்று இந்த நோட்டை ஒளித்து வைக்காமலேயே தூங்கப்போகிறேன். இல்லை இல்லை, ஒளித்துத்தான் வைக்கவேண்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மாலையில் அம்மா கடையின் பின்பக்கம் டிரைவர் மாமாவுக்குக் குழந்தையின் பால் பவுடரைக் கலக்கும் அளவைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மனிதர் மூன்றாவது தடவையாகக் கேட்டார். "இங்க வாடி, மேசைகிட்ட நில்லு. யாராவது வந்தா என்னைக் கூப்பிடு" என்றாள் அம்மா.

மேசை!

வாசலில் நிழல் விழுந்தது. மீசை மாமா. எத்தனையோ மாதம் கழித்து. பின்னால் இரண்டு பேர் தைலத்துக்கு நின்றார்கள்.

"அம்மா உள்ளதான் இருக்காங்க மாமா, கூப்பிடட்டுமா?"

அவர் என்னைப் பார்த்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக மேசைமேல் குனிந்தார்.

"முதல்ல உன்கிட்ட சொல்றேன். நீ போய் அவங்ககிட்ட சொல்லு."

அவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதமாட்டேன். அவர் விஷயத்தைத் தொடங்குவதற்கு முன்பே நான் கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.