மருமகள் ஹோவாவின் கோப்பில் சேர்க்க வேண்டியது

அனுப்புநர்:
அம்சவல்லி,
(கணவர்: காலஞ்சென்ற ஐயாவு),
வடக்குத் தெரு, கீழவாய்க்கால்மேடு,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
வருமான வரி அலுவலர் அவர்கள்,
தஞ்சாவூர்.

பொருள்: வியட்நாம் தேசத்தில் பிறந்த என் மருமகள் வரி விஷயத்தில் தாங்கள் காட்டிய தயவுக்கு நன்றி – அவள் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்துடன் இந்த மனுவையும் சேர்த்து வைக்கவும், மொய்ப் பணத்தை அவள் வருமானமாக எடுத்துக்கொள்ளாதிருக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அலுவலர் அம்மா அவர்களுக்கு வணக்கம்.

1. புரட்டாசி மாதம் அந்தத் திங்கட்கிழமை தங்கள் அறையில் இருந்தவர்கள்: மேசைக்கு அந்தப் பக்கம் தாங்கள், இந்தப் பக்கம் என் மருமகள் ஹோவா, அவள் மடியில் என் பேத்தி பூவிழி, பக்கத்தில் நான், எனக்கு நாற்காலி தூக்கிக்கொண்டு வந்து போட்டுவிட்டுக் கதவோரம் நின்ற தங்கள் உதவியாளர் சலாஹுதீன் தம்பி, சன்னல் பக்கமாக நின்ற இன்னொருவன். அவன் என் கூடப்பிறந்த தம்பியின் மகன். அவன் பெயரைக் கடைசியில் எழுதுகிறேன். முதலிலேயே எழுதினால் நன்றி சொல்ல வந்த வாய் கசந்துபோகும்.

2. நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். நடவு நட்டுப் பிள்ளையை வளர்த்தவள். நான் சொல்லச் சொல்ல இந்த மனுவை எங்கள் ஊர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கும் ஜஸீலா எழுதுகிறாள். அவள் நல்ல தமிழாக மாற்றிய இடங்களில் மறுபடி படிக்கச் சொல்லி, மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

3. என் மகன் சேரன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான். ஹோவாவும் அங்கே வேலைக்கு வந்தவள்தான். இரண்டு பேருக்குமே அது அயலூர். அங்கே பழகி, இங்கே வந்து கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்தக் கல்யாணத்துக்கு வராதவர்கள் யார் யார் என்பது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அது தங்கள் இலாகாவைச் சேர்ந்த விஷயம் அல்ல என்பதால் விட்டுவிடுகிறேன்.

4. பூவிழி பிறந்த பிறகு ஹோவா எங்களோடு தங்கிவிட்டாள். அவள் ஊரும் ஆற்று மண், நெல் விளைகிற ஊர். முதல் வருஷமே யாரும் கூப்பிடாமல் சேற்றில் இறங்கி நாற்றுக் கட்டை அவிழ்த்தாள். அவள் பார்க்கிற வேலை கணினியில். அவள் ஊர்க் கம்பெனி ஒன்று நெல் காயவைக்கும் இயந்திரம் விற்கிறது. அதன் காகிதங்களை அவர்கள் பாஷையிலிருந்து இங்கிலீஷுக்கு மாற்றிக் கொடுக்கிறாள். எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்துதான் வேலை. சம்பளம் மட்டும் அங்கிருந்து வரும்.

5. முதல் சம்பளம் வந்த அன்றே அவள் கேட்டது, இதற்கு எங்கே வரி கட்ட வேண்டும் என்பதைத்தான். அதை அவள் எங்கே படித்தாள் என்றால், என் மகன் பட்ட அனுபவத்தில் படித்தாள். சேரன் ஒரு கம்பெனியை விட்டு வேறு கம்பெனிக்கு மாறியபோது, அயல்நாட்டான் என்பதால் வரிக் கணக்கு முடிகிற வரை கடைசிச் சம்பளத்தைப் பழைய கம்பெனி நிறுத்தி வைத்திருந்தது. அந்த மாதம் அவர்கள் கஞ்சி குடித்துக் கிடந்தார்கள். "அங்க அவரு வெளியாளு, வரி கட்டுனாரு. இங்க நான் வெளியாளு, நான் கட்டணும்ல அத்தை?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? கும்பகோணத்தில் கடை போட்டு ஊராருக்கு வரிக் கணக்கு எழுதித் தருகிற ஒருவனிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன்தான் முதல் பாராவில் சன்னல் பக்கம் நின்றவன். "வெளிநாட்டுக்காரவங்க, வெளிநாட்டுச் சம்பளம், இங்க ஒண்ணும் கட்ட வேணாம், நிம்மதியா இருங்கத்தை" என்றான். அடுத்த வருஷமும் போய்க் கேட்டாள். அதையேதான் சொன்னான். அவள் சந்தேகப்பட்டுக் கேட்டதற்கு, "சட்டம் படிச்சது நீங்களா நானா?" என்று சிரித்தான்.

6. மொய் விவகாரம் இதில் தனி. பூவிழிக்குக் காது குத்தினோம். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் பந்தல் வாசலில் மொய் எழுத ஆள் உட்கார வேண்டும். நாலு பேர் நமக்குச் செய்வார்கள், அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் திருப்பிச் செய்வோம், கூடக் கொஞ்சம் சேர்த்தே செய்வோம். அன்றைக்கு மொய் எழுத உட்கார்ந்தவனும் அவனேதான். வெளியூர்ச் சனங்கள் போனிலேயே மொய் போடட்டும் என்று ஹோவாவின் கியூஆர் அட்டையைப் பந்தல் காலில் ஒட்டினான். திருப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் சாப்பாட்டுக்கு வராதவர்கள் கூட மொய் போட்டார்கள். அத்தனையும் அவள் கணக்கில் ஏறியது. ஒரே நாளில் ஊர்ப்பட்ட ஆள் ஒருத்திக்குப் பணம் போட்டால் அவள் ஏதோ ஒளிவுமறைவாக வியாபாரம் பண்ணுகிறாள் என்று தங்கள் இலாகா நினைத்தது தப்பே இல்லை. நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

7. அதற்கு விளக்கம் கேட்டுத் தங்கள் நோட்டீஸ் வந்த வாரத்தில்தான் அவள் அப்பாவுக்கு இருதய ஆபரேஷன் என்று செய்தியும் வந்தது. விமான டிக்கெட் எடுத்தாயிற்று. தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது: "வரி கட்ட முடியாம ஓடப் போறா, குழந்தையையும் தூக்கிட்டுப் போயிருவா, பாரு." அதைக் கேட்டுவிட்டு அவள், கணக்கை முடிக்காமல் விமானம் ஏற மாட்டேன் என்று பெட்டியை அவிழ்த்துவிட்டாள். பெற்ற தகப்பனை உயிரோடு பார்ப்பாளோ மாட்டாளோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

8. அந்த நிலைமையில்தான், கணக்கு எழுதுகிறவன் என்று என் தம்பி மகனையும் கூட்டிக்கொண்டு தங்களிடம் வந்தோம். வந்த எங்களிடம் தாங்கள் அதட்டவில்லை. அவளை வெளியாள் என்று தள்ளி வைத்துவிட்டு எங்களிடம் பேசவில்லை; அவள் முகத்தைப் பார்த்து அவளிடமே கேட்டீர்கள். வருஷத்தில் பெரும்பகுதி இங்கே தங்கி, இங்கே உட்கார்ந்து வேலை செய்தால், சம்பளம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் கணக்கு இங்கே காட்ட வேண்டும், அங்கே ஏற்கெனவே வரி பிடித்திருந்தால் அதற்குக் கழிவு கேட்கலாம் என்று எனக்கே புரிகிற மாதிரி சொன்னீர்கள். விட்டுப்போன கணக்கைத் தாக்கல் செய்ய வழி காட்டினீர்கள். மொய்ப் பணத்தை மட்டும் விசாரித்துப் பிறகு முடிவு செய்வதாகச் சொன்னீர்கள். அப்பாவைப் பார்த்துவர எந்தத் தடையும் இல்லை என்றீர்கள். பூவிழி தங்கள் மேசையிலிருந்த முத்திரைக் கட்டையை எடுத்துத் தன் கையில் குத்திக்கொண்டதற்குக் கூடக் கோபப்படவில்லை. அந்த மை அழியும் வரை அவள் கை கழுவ விடவில்லை.

9. ஹோவா வட்டியோடு வரியைக் கட்டிவிட்டுத்தான் போனாள். அவள் அப்பா அவளைக் கண் திறந்து பார்த்தார். இப்போது எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாராம். குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறாள். ஓடிப்போகிறவள் அப்படி விடமாட்டாள் என்று தெருவுக்கு இப்போது தெரிந்திருக்கும். சம்பா அறுப்புக்குள் வந்துவிடுவாள். தங்களுக்கும் சலாஹுதீன் தம்பிக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

10. ஆனால் அன்றைக்கு நடந்ததில் ஒன்றை நான் சொல்லாமல் வந்துவிட்டேன். வரி வேண்டாம் என்று யார் சொன்னது என்று தாங்கள் கேட்டீர்கள். ஹோவா சன்னல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். அவன் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றான். "யாரும் இல்ல மேடம். நான் கேக்கல. என் தப்பு" என்றாள். நான் வாயைத் திறக்கப் போனேன். மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டாள். கட்டிக்கொண்டு வந்த வீட்டின் உறவு கெடக்கூடாது என்று நினைத்திருப்பாள். அவள் சொன்னதைத் தாங்கள் எழுதி, இரண்டு முறை படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினீர்கள். தங்கள் மேல் குறையில்லை. சொன்னதைத்தானே எழுத முடியும்? ஆனால் அந்தக் காகிதத்தில் இருப்பது உண்மை இல்லை. அவள் கேட்டாள். இரண்டு வருஷமும் கேட்டாள். கேட்க வேண்டிய இடம் என்று நாங்கள் நம்பிய இடத்தில் கேட்டாள்.

11. ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது:
அ) எங்கள் பேத்தி காதுகுத்துக்கு வந்த மொய், திருப்பிச் செய்ய வேண்டிய முறை. அதை என் மருமகளின் சம்பாத்தியமாக எழுதாமல், முடிவாகாமல் இருக்கும் அந்தப் பகுதியை அவள் திரும்பி வருவதற்குள் முடித்துத் தர வேண்டும். யார் யார் செய்தார்கள் என்று கேட்டால் நேரில் வந்து வரிசையாகச் சொல்லத் தயாராக இருக்கிறேன்.
ஆ) வேறு நாட்டிலிருந்து வந்து இங்கே குடியிருந்து சம்பாதிப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று தங்கள் வாசலில் எளிய தமிழில் ஒரு பலகை வைக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்களில் இப்போது இன்னும் இரண்டு அயல்தேசத்து மருமகள்கள் இருக்கிறார்கள்.
இ) அவள் தன் தப்பு என்று கையெழுத்திட்ட காகிதத்தோடு இந்த மனுவையும் சேர்த்துத் தைத்து வைக்க வேண்டும். நாளைக்கு அந்தக் கோப்பை யார் பிரித்தாலும் இரண்டையும் படிக்கட்டும்.

12. தப்பாகச் சொன்னதற்காக யார் மேலும் நடவடிக்கை கேட்கவில்லை. தெரியாமல் சொல்வது யாருக்கும் நடக்கும். ஹோவா அவனை மன்னித்துவிட்டாள். போன வாரம் வியட்நாமிலிருந்து அவனுக்குப் போன் செய்து நலம் விசாரித்தாளாம். அது அவள் குணம். ஒரு பெண் தனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டு நிற்கும்போது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றவனை நான் மன்னிப்பதாக இல்லை. தங்கள் இலாகா அவனை விட்டுவிடலாம், அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். கோப்பில் பெயர் மட்டும் இருக்கட்டும்: கும்பகோணம், சிவசாமி மகன் அன்பரசன்.

இடம்: கீழவாய்க்கால்மேடு
நாள்: 17.11.2025

இப்படிக்கு,
நன்றி மறவாத,
ஐ. அம்சவல்லி
(கையெழுத்து என்னுடையது)