தெர்மோஸ்டாட் மூடியின் இரண்டாவது போல்ட்

ஜூன் 5, செவ்வாய்

வெயில். காலை ஏழுக்கே வாசல் சிமெண்ட் சுடுகிறது. ஆபீசுக்கு லீவு சொல்லியாயிற்று, வாரம் முழுக்க. காரணம்: சொந்த வேலை.

செய்ய வேண்டியவை:
ரேடியேட்டர் தண்ணீர் வடிக்க.
தெர்மோஸ்டாட் கழற்ற, புதியது மாட்ட.
காஸ் புக் பண்ண.
ஞாயிறு ரெஜினாவையும் ஜெனியையும் அழைத்து வர.

போன ஞாயிறு நடந்ததை இதுவரை எழுதவில்லை. கொழுந்தியாளுக்கு நிச்சயதார்த்தம், ஊரப்பாக்கம் மாமனார் வீட்டில். பெருங்களத்தூரில் கார் கொதித்து நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்தால் புகை. ரெ. பட்டுப்புடவையில், ஜெனி பாவாடையில், பஸ் ஸ்டாப்பில் ஒன்றரை மணி நேரம். ஆட்டோவில் போய்விடலாம் என்று அவள் எத்தனை தடவை சொன்னாளோ. நான் ஒவ்வொரு தடவையும் "இன்னும் பத்து நிமிஷம்". கடைசியில் அவளே ஜெனியைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ ஏறினாள். போய்ச் சேர்ந்தபோது மோதிரம் மாற்றி முடிந்துவிட்டதாம். சொந்தத் தங்கை. அன்றிலிருந்து அங்கேதான் இருக்கிறாள்.

சாயங்காலம் தண்ணீர் வடித்தேன். டீ நிறம். ரேடியேட்டர் மூடிக்கு உட்புறம் வெள்ளை வெள்ளையாக உப்பு. போர் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று ரெ. சொன்னபோது, "ஆமா, குடிக்கிற கேன் தண்ணிய காருக்கு ஊத்துவாங்களா" என்று கேட்டவன் நான்தான்.

ஜூன் 6, புதன்

வெயில். பால் திரிந்துவிட்டது. கறுப்பு டீ.

இஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் மூடியில் இரண்டே போல்ட். பத்தாம் நம்பர் ஸ்பேனர். முதலாவது சாதுவாகக் கழன்று வந்தது. இரண்டாவது அசையவே இல்லை. மண்ணெண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் பொறுத்திருக்கலாம். எனக்கு எங்கே பொறுமை. ஸ்பேனரில் பைப்பைச் செருகி, காலை ஊன்றி ஒரு அழுத்து.

டக்.

கழன்றுவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷம் வேறு. கையில் போல்ட்டின் தலை மட்டும். மீதி உள்ளே, பிடிக்க ஒரு நூல் கூட வெளியே இல்லை. மூடியைத் தட்டித் தட்டி எடுத்துவிட்டேன். துவாரம் நிறைய துரு, நடுவில் உடைந்த முனை பளபளவென்று.

டிப்ளமோ மெக்கானிகல். ஃபர்ஸ்ட் கிளாஸ். த்தூ.

ராத்திரி சாப்பிடவில்லை. பசிக்கவும் இல்லை.

ஜூன் 7, வியாழன்

லேத் வைத்திருக்கும் காதர் பாய் வந்து பார்த்தார். குனிந்தார், விரலால் தடவினார், நிமிர்ந்தார்.

"இன்னா சார், உப்பு அரிச்சுக்கினு கீது. இத்தப் போயி பைப்பு போட்டு திருப்பினியா?"

"வேற வழி இல்ல பாய்."

"வழியெல்லாம் கீது. நட்டு வச்சி வெல்டு புடிச்சா சூட்டுக்கு தானா வந்துரும். திங்கக்கிழமை வெல்டிங் செட்டோட வூட்டாண்ட வர்றேன். அதுவரிக்கும் கை வெக்காத. உனக்கு இன்னாத்துக்கு சார் இந்த பேஜாரு?"

திங்கள். எனக்கு ஞாயிறு வேண்டும். மாமா போனில் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கெழமை பதினோரு மணிக்கு வாங்க மாப்பிள்ளை. ஒக்காந்து பேசி ஒரு முடிவு பண்ணிடலாம்." அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் பயம். திட்டினாலாவது சமாளிக்கலாம்.

பிறகு ரெ. போனை வாங்கினாள்.

"கார் இல்லன்னா என்ன? தாம்பரத்துல ஏறினா மூணாவது ஸ்டேஷன். கால் மணி நேரம். கார்லதான் வரணும்னு யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. உண்மைதான். ஆனால் அன்று அந்த வீட்டில் அத்தனை பேரும் சிரித்திருப்பார்கள். அதே வாசலில் அதே காரைக் கொண்டுபோய் நிறுத்தி இறங்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த முகத்தோடு உள்ளே போவேன்? இதை அவளிடம் சொல்லவில்லை. "பாக்கறேன்" என்றேன்.

ஜூன் 8, வெள்ளி

புழுக்கம். மதியம் கரண்ட் இல்லை, மூன்று மணி நேரம்.

வாங்கியவை: ட்ரில் பிட் இரண்டு, எக்ஸ்ட்ராக்டர் ஒன்று. போல்ட்டில் ஓட்டை போட்டு இதை உள்ளே விட்டு இடப்பக்கம் திருப்பினால், அது இறுகி, உடைந்த துண்டைக் கழற்றிக்கொண்டு வருமாம். ஸ்பேர்ஸ் கடைக்காரர் பொட்டலம் கட்டும்போதே, "ஒடஞ்சா திருப்பி எடுக்க மாட்டோம் சார்" என்றார். நல்ல வாழ்த்து.

ட்ரில் மிஷின் மாடி வீட்டில் இரவல். கரண்ட் வந்தபோது பிட்டை மாட்டினேன், திரும்பக் கழற்றி வைத்தேன். தள்ளிப் போட்டேன்.

வீடு முழுக்க, துரு துடைத்த மண்ணெண்ணெய் நாற்றம். ஜெனியின் செருப்பு ஒன்று மட்டும் கட்டிலுக்கு அடியில். ஜோடி எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை. அரை மணி நேரம் இதற்குப் போயிற்று.

காஸ் புக் பண்ண மறந்துவிட்டேன்.

ஜூன் 9, சனி

ஓட்டை போட்டாயிற்று. நடுவில் இல்லை. கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. இன்னும் ஒரு இழை நகர்ந்திருந்தால் இஞ்சினில் போல்ட் பிடிக்கும் மரையே போயிருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்திருக்கிறேன்.

பாய் சைக்கிளில் போகும்போது கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தார். "சொன்னா கேக்க மாட்ட" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜெனி போன் பண்ணினாள்.

"அப்பா, கார் சரியாயிடுச்சா?"

"நாளைக்கு ஆயிடும்டா கண்ணு."

"தாத்தா இங்க ஸ்கூல்ல ஃபார்ம் வாங்கிட்டு வந்துட்டாரு. பர்த் சர்டிபிகேட் கேக்கறாங்களாம். அம்மா இன்னும் எழுதல. நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லிட்டாங்க."

போனை வைத்த பிறகு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஃபேனைப் போடக்கூடத் தோன்றவில்லை. நாளை என்ன முடிவு என்று இப்போதுதான் புரிகிறது. பள்ளிக்கூடம் மாறினால் பிறகு எல்லாம் மாறிவிடும்.

ட்ரெயினில் போய்விடலாமா? காலையில் ஒரே ஒரு தடவை முயற்சி. எட்டு மணிக்குள் வராவிட்டால் ட்ரெயின். சத்தியமாக.

ஜூன் 10, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை.

ஆறு மணிக்கே எக்ஸ்ட்ராக்டரை ஓட்டையில் விட்டுத் திருப்ப ஆரம்பித்தேன். சர்ச்சுக்குப் போகவில்லை. எட்டு ஆயிற்று. எட்டரை. ஒன்பது.

ஒன்பதரைக்கு கேட் சத்தம். ரெ. தனியாக. சர்ச்சுக்குக் கட்டும் நீலப் புடவை. நான் நம்பவில்லை.

"அப்பாகிட்ட நானே போய் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். கையக் கழுவுங்க. சட்டைய மாத்துங்க, போதும். பத்தேகால் வண்டிக்குப் போயிடலாம். அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

சரியாக அந்த நேரம்தான் அது திரும்பியது. ஐந்து நாளாக அசையாதது, கால் சுற்று. கையில் தெரிந்தது.

"திரும்புது ரெஜி! இன்னும் பத்து நிமிஷம்."

தலையைத் தூக்கவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அப்போதாவது நிமிர்ந்திருக்கலாம். கையை எடுத்தால் பிடி போய்விடும் என்று நினைத்தேன்.

அவள் வாசலில் செருப்பைக் கழற்றினாள். பிறகு உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம். எனக்குச் சட்டை எடுக்கிறாள் என்று நினைத்து, சந்தோஷமாக இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

டக்.

எக்ஸ்ட்ராக்டர் உடைந்து உள்ளேயே நின்றுவிட்டது. போல்ட்டுக்குள். அது கெட்டி இரும்பு. இனி எந்த ட்ரில்லும் இறங்காது.

நிமிர்ந்தேன். கேட் திறந்து கிடந்தது. தெருமுனை வரை ஓடினேன். ஆள் இல்லை.

கட்டில் மேல் சட்டை எதுவும் இல்லை. பீரோவில் என் சட்டைகள் எல்லாம் அடுக்கியபடியே இருக்கின்றன. மேல் தட்டில் ஜெனியின் பர்த் சர்டிபிகேட் வைத்திருந்த பச்சை ஃபைல் மட்டும் இல்லை.