படத்தில் இல்லாத பாட்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம். கேஸ் புக் பண்ண வேண்டும்.

'ஏழாவது ஓடம்' நாடகத்தில் பாட்டு முப்பத்தொன்று. படத்தில் ஒன்பதுக்குத்தான் இடம் என்கிறார் டைரக்டர் சைத்ரா. திரைக்கதை என் பொறுப்பு. பதினாறு வருடம் மேடையோரம் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவள், முழுதும் மனப்பாடம். அதனால்தான் கூப்பிட்டார்கள்.

இன்று வெட்டியவை: காவல்காரர் பாட்டு, சந்தைப் பாட்டு இரண்டும், கல்யாணத்துக்கு முந்தின பாட்டு. வலிக்கவில்லை.

27-ஆம் பாட்டுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி மட்டும். அது என் வீட்டுக்காரர் அருள் பாடுவது.

ஆகஸ்ட் 6, புதன்

27: ஓடக்காரர், தான் வேண்டாம் என்று சொன்ன பையனிடமே மகளை அக்கரையில் விட்டுவிட்டு, வெறும் ஓடத்தில் திரும்பும்போது பாடுவது. ஏழு நிமிடம். மேடையிலும் படத்திலும் ஓடக்காரர் அருள்தான். பகலில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். எங்கள் ஏரியா மர்பி டவுனில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது, 'ஓடம் அண்ணா'தான்.

யோசித்துப் பார்த்தேன். மேடையில் ஆறு ஏது, ஓடம் ஏது. கையில் ஒரு துடுப்பு. தண்ணீரையும் மகள் உட்கார்ந்திருந்த இடத்தையும் பாட்டுதான் காட்டியாக வேண்டும். படத்தில் தண்ணீர் இருக்கிறது. காலியான பலகை தெரிகிறது. தெரிவதை எதற்குப் பாடுவது?

அடித்துவிட்டேன். முதலில் பென்சிலால். பிறகு பேனாவால்.

அவரிடம் சொல்லவில்லை. சட்னியில் உப்பு போதுமா என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

வாட்ஸப் குரூப்பில் சைத்ரா பாட்டு லிஸ்ட் போட்டுவிட்டார். அருள் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார்.

"என்னோடது காணோமே. டைப்பிங் மிஸ்டேக்கா?"

"இல்லீங்க. எடுத்தாச்சு."

"டைரக்டரம்மா எடுக்கச் சொன்னாங்களா?"

"அவங்க கேக்கவே இல்ல. நான்தான் எடுத்தேன்."

போனைக் கவிழ்த்து வைத்தார். "அவங்க சொன்னாங்கன்னு சொல்லியிருக்கலாம் மெர்சி. ஒரு பொய் சொல்றதுக்கு உனக்கு என்ன?"

தட்டில் பாதி அப்படியே. வேனைக் கழுவப் போய்விட்டார். மழையில் நின்ற வேன். கழுவ என்ன இருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒத்திகைப் படப்பிடிப்பு. மழை இல்லை. ஹொசகோட்டே தாண்டி ஒரு ஏரி, அதுதான் ஆறு. சைத்ரா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒந்து சல பாட்டோடயே எடுத்துப் பாக்கலாம் அக்கா. ஒரே ஒரு தடவை. அண்ணா முகமே சரியில்ல" என்று கன்னடம் கலந்து சொன்னார்.

அருள் பாடினார். குரலுக்கு என்ன குறை. கரையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார்.

பிறகு மானிட்டரில் பார்த்தோம். கடைசி வரிசைக்கு நீட்டுகிற கை. அகல விரிந்த கண். பக்கத்தில் யாருமே இல்லாத ஏரியில் எட்டு ஊருக்குச் சொல்கிற மாதிரி. அவரும் பார்த்தார்.

"யாருய்யா இவன், இப்படிக் கத்தறான்?"

யாரும் சிரிக்கவில்லை. நான் சொன்னது சரி என்று ஆகிவிட்டது. சந்தோஷம் இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

பாட்டில்லாமல் எடுத்தார்கள். துடுப்பு போட்டுக்கொண்டு வந்தார், அவ்வளவுதான். ஒரே டேக். கைதட்டல். சைத்ராவுக்குக் கண் கலங்கியது.

திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு மணி நேரம். டின் ஃபேக்டரி ஜங்ஷனில் டிராஃபிக். கால் வலி.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே: "நல்லாருந்துச்சுன்னு சொன்னாங்க. அப்ப மனசுல என்ன ஓடிச்சுன்னு யாரும் கேக்கல."

"என்ன ஓடிச்சு?"

"பாட்டுதான். ரெண்டாவது சரணம் ஆரம்பிச்சேன். கட் சொல்லிட்டாங்க."

ஆகஸ்ட் 14, வியாழன்

காலை ஆறுக்கே சைத்ராவுக்கு போன் பண்ணி, இவர் மனசுக்குள் பாடிய பாட்டு பாதியில் நின்றதைச் சொன்னேன். உடனே அவர், "அய்யோ, நேத்தே சொல்லக் கூடாதா அக்கா? வாங்க. இன்னிக்கு நான் கட் சொல்ல மாட்டேன். அண்ணா எப்ப துடுப்பைக் கீழ வெக்கறாரோ, அப்ப முடிஞ்சுதுன்னு வெச்சுக்கலாம்."

வேனுக்கு மாற்று டிரைவர் கிடைத்தார். பத்து மணிக்கு ஏரியில் இருந்தோம். மேகமூட்டம், காற்றில்லை.

ஏழு நிமிடம். உதடு அசையவில்லை. மூன்றாவது சரணம் இருக்கும் என்று நான் நினைத்த இடத்தில் துடுப்பு நின்றது; ஓடம் தானாகக் கொஞ்சம் மிதந்தது; மறுபடி போட்டார். நேற்று இது இல்லை. நாடகத்திலும் இருந்ததில்லை. அந்த இடத்தில் அவருக்கு என்ன ஆனது என்று பதினாறு வருடம் பக்கத்தில் நின்றவளுக்குத் தெரியவில்லை.

கரைக்கு வந்து துடுப்பை வைத்தார். என்னைப் பார்த்து, "முடிச்சிட்டேன்" என்றார். டீ கேட்டார்.

ஏழு நிமிடத்தில் நாற்பது வினாடிதான் படத்தில் நிற்கும் என்று எடிட்டர் இப்போதுதான் என்னிடம் சொன்னார். அருளுக்குத் தெரியாது. குரூப்பில் வருவதற்குள் நானே சொல்ல வேண்டும். சோறு போடும் முன்பே.