சுவரை மூடும் முன்

என் செல்லக் குழாய்க்காரிக்கு,

பாட்டி எழுதுவது. உன் அப்பா கோபத்தில் வைத்த பெயரைத்தான் நான் ஆசையாகச் சொல்லிக் கூப்பிடுகிறேன். போனில் பேசினால் அவன் காதில் விழும், அதனால் கடிதம். என் முட்டி மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு.

குளியலறையை இடித்துப் புதுசாகக் கட்டுகிறோம். அதற்கு ஒரு பிளம்பரைக் கூட்டிவந்தான் உன் அப்பா. குழாய் வேலை படித்துத் தேறியவள் நம் வீட்டிலேயே ஒருத்தி இருக்க வெளியாள் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால், "பொம்பளைப் புள்ள ஊரார் வீட்டுக் குழாயைக் கழட்டுறதா" என்று இரண்டு வருஷச் சண்டையை முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

நான் அஞ்சாவதுதான் படித்தேன். ஆனால் நீ வாய்விட்டுப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தவள். பசை போட்டு ஒட்டினால் காயும்வரை தண்ணீர் விடக் கூடாது. அழுத்திச் செருகுகிற இணைப்பு கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் டேப் மாட்டச் சுவருக்குள் வைக்கும் வளைவுத் துண்டுக்கு, அதுதான் எல்போவுக்கு, பித்தளை மரை வேண்டும், வெறும் பிளாஸ்டிக் மரையை இறுக்கினால் வெடிக்கும். இந்தப் பிளம்பர் வைத்தது வெறும் பிளாஸ்டிக். தண்ணீர் விட்டுச் சோதிக்க அதன் வாயில் மூடி போட்டு ஸ்பானரால் இறுக்கின இறுக்கில் எனக்கே கழுத்து வலித்தது. சொன்னேன். "பாட்டிம்மா, இருபது வருஷமா இதே வேலைதான் பாக்குறேன்" என்றார். உன் அப்பாவோ, "அம்மா, நீ போய் டிவி பாரு" என்றான்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எல்போவுக்கு அடியில் காய்ந்த பேப்பரை மடித்து வைத்து, அரை மணிக்கு ஒரு தரம் போய்த் தொட்டுப் பார்த்தேன். மூன்று நாள் நனையவில்லை. பிளம்பர் சிரித்தார். நேற்றுக் காலை சுவரை மூட மேஸ்திரி கலவை குழைக்கும்போது தொட்டேன், ஓரம் நொளநொளவென்று இருந்தது. எல்போவில் மயிரிழை விரிசல். "மூடாதீங்க!" என்று நான் போட்ட கூச்சலில் மேஸ்திரி கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

உன் அப்பா வந்து பார்த்தான். நேராக அடுக்களைக்குப் போய்த் தொட்டிக்கு அடியில் குனிந்தான். வேலைக்கு வெளியூர் கிளம்பின அன்று நீ மாட்டிவிட்டுப் போன குழாய் இணைப்பை விரலால் சுற்றித் தடவினான். விரலைப் பார்த்தான். மறுபடி தடவினான். அதில் ஈரம் இருக்காது என்று எனக்குத் தெரியும், தினமும் தொட்டுப் பார்ப்பவள் நான்.

மேஸ்திரியிடம், "அடுத்த ஞாயிறு வரைக்கும் மூட வேணாம்" என்றான். வேறு எல்போ மாட்டித் தருகிறேன் என்ற பிளம்பரிடம், "இருக்கட்டும், ஆள் வருது" என்றான். எந்த ஆள் என்று சொல்லவில்லை. அவனாகப் போன் எடுக்க மாட்டான். நீயும் அவன் மகள்தானே, எடுக்க மாட்டாய்.

இதை எழுதும் நடுவில் எழுந்துபோய் எல்போவைப் பார்த்துவிட்டு வந்தேன். குளியலறைக்குப் போகும் வால்வு மூடியிருக்கிறது, ஆனாலும் கால் அங்கேயே போகிறது. திரும்பி வந்தால், உன் அப்பா இந்தக் கடிதத்தின் பக்கத்தில் நிற்கிறான்! "முக்கா இஞ்சு பைப், அரை இஞ்சு மரைன்னு எழுதும்மா" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான். எழுதிவிட்டேன்.

இப்போது எல்லோரும் உன் அடுக்களைக் குழாயில்தான் குளிக்கத் தண்ணீர் பிடிக்கிறோம். என் வாளியை அவன்தான் தூக்கிவருகிறான்.

ஞாயிறுக்குள் வந்துவிடு கண்ணு. எல்போவை நீயே பார்த்து வாங்கி வா. உன் கை பட்ட இடமெல்லாம் காய்ந்தே இருக்கட்டும். பேப்பரை நான் இன்னும் எடுக்கவில்லை.

உன் வழி பார்க்கும்
பாட்டி